பத்திர எழுத்தர் பதில்கள்: ஊர் திரும்பாத யூதர்கள்

போன இதழில், பெர்சிய ராஜா யூதாவுக்கு அனுப்பிய அதிபதி நெகேமியா எருசலேமில் கட்டிய அலங்கத்தை, அதாவது மதிலைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாமே பெர்சிய ராஜாக்கள் காலத்து யூதர்களைப் பற்றிய கேள்விகள். ஆகவே இந்த மாதம் வேறு எதையும் தொடவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதியவன். பழைய சரித்திரத்தைப் படித்தாலும் சக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு எல்லைதான் முதலில் கண்ணில் படும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோரேஸ் ராஜா யூதர்களை விடுதலை செய்ததற்கு ஆதாரமாக ஒரு மண் உருளை இருப்பதாகவும், அதில் எருசலேமின் பெயரே எழுதியிருப்பதாகவும் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. உண்மையா ஐயா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

உருளை உண்மை. எருசலேம் அதில் இல்லை. யூதா என்ற சொல்லும் இல்லை.

1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்தது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்கு, நடுவில் பருத்த பீப்பாய் மாதிரி இருக்கும். கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்த பெர்சிய ராஜா கோரேஸ், அந்த ஊர்த் தெய்வமான மர்துக்கே தன்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதாக அதில் சொல்லிக்கொள்கிறார். டைகிரிஸ் நதிக்கு அப்பாலிருந்த ஊர்களின் சாமி சிலைகளை அவரவர் கோயிலுக்கே திருப்பி அனுப்பியதாகவும், அங்கிருந்து வந்த ஜனங்களை ஊர் திருப்பியதாகவும் வருகிறது.

இப்போது எஸ்றாவின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே அதே கோரேஸ், பரலோகத்தின் தேவனாகிய கர்த்தர் தனக்குக் கட்டளையிட்டதாகச் சொல்கிறார். பாபிலோன்காரனிடம் மர்துக் பேர், யூதனிடம் கர்த்தர் பேர். எந்த ஊர்ப் பத்திரமோ அந்த ஊர் வழக்கப்படி எழுதுவது. ஆளத் தெரிந்தவர். ஏசாயா 45-இல் அவரை 'அபிஷேகம்பண்ணப்பட்டவர்' என்றே சொல்லியிருக்கிறது. இஸ்ரவேலன் அல்லாத ராஜா ஒருவருக்கு அந்தப் பட்டம் வேதத்தில் வேறெங்கும் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடுங்கள்.

கோரேஸ் அனுமதி கொடுத்ததும் எல்லா யூதரும் எருசலேமுக்குத் திரும்பிவிட்டார்களா? ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
— ஒரு வாசகி, சாத்தான்குளம்

எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அம்மா. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் திரும்பியவர்களின் தொகை 42,360, வேலைக்காரர் 7,337, பாடகர் 200 என்று எண்ணி எழுதியிருக்கிறது. எண்ணிக்கை எழுதியிருந்தால் போகாதவர்களை நாம் மறந்துவிடுகிறோம். ஏராளமானவர்கள் போகவில்லை. ஏன் போக வேண்டும்? எருசலேம் இடிந்து, ஜனங்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பாபிலோன் சீமையில் பிறந்தவனுக்கு அதுதான் சொந்த ஊர். வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, பேரீச்சந்தோப்பு இருக்கிறது. எருசலேமுக்கு நடந்தால் நாலு மாதம்; எஸ்றாவே முதல் மாதம் முதல் தேதி கிளம்பி ஐந்தாம் மாதம் முதல் தேதிதான் போய்ச் சேர்ந்தார்.

பாபிலோன் பக்கத்தில் 'யூதா நகரம்' என்றே ஒரு ஊர் இருந்தது, அல்-யாகுது என்பார்கள். அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சுமார் இருநூறு களிமண் பலகைகள் பழம்பொருள் சந்தை வழியாக வெளியே வந்தன. பெரும்பகுதி 2014-இல் அச்சாயிற்று. கி.மு. 572 முதல் 477 வரை, அதாவது நேபுகாத்நேச்சார் காலத்தில் தொடங்கிப் பெர்சிய ராஜா செர்க்செஸ் காலம் வரை. எல்லாம் குத்தகைச் சீட்டு, கடன் சீட்டு, வாற்கோதுமையும் பேரீச்சையும் அளந்த கணக்கு. அகீக்காம் என்பவருடைய குடும்பத்தை அதில் தலைமுறை தலைமுறையாகத் தொடர முடிகிறது. அவர் இறந்தபின் ஐந்து பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்ட ஏற்பாடுகூட இருக்கிறது. பாகப்பிரிவினை! சீயோனை நினைத்து ஆற்றங்கரையில் அழுத பாட்டு நமக்குத் தெரியும். அழுதவர்களின் பேரப்பிள்ளைகள் சொத்துக்கு உட்கார்ந்து பேசியது இந்தப் பலகைகளால்தான் தெரிகிறது. ஒரு பலகையில் மட்டும், ஆப்பெழுத்துக்குப் பக்கத்திலேயே, செலேமியா என்ற பெயரைப் பழைய எபிரெய எழுத்தில் கீறியிருக்கிறார்கள். எழுதிய கை அந்த எழுத்தை மறக்கவில்லை.

அந்தப் பலகைகளுக்குச் சில பத்து வருஷம் கழித்து, பாபிலோன் சீமையிலேயே நிப்பூர் என்ற ஊரில் முராஷு என்ற வட்டித்தொழில் குடும்பம். அவர்கள் கணக்குக்கட்டு 1893-இல் அகழாய்வில் கிடைத்தது. எழுநூறுக்கு மேற்பட்ட பலகைகள். சிப்பாய்களுக்கு ராஜா கொடுத்த நிலம் அதில் அடிக்கடி வருகிறது. வில் நிலம், குதிரை நிலம், தேர் நிலம் என்று பெயர். வில் நிலம் வைத்திருப்பவன் வில்லோடு போருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வெள்ளி கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்து ரீமுத்-நினுர்தாவின் பங்கு நிலத்துக்காகக் குதிரைவீரனாகப் போக ஒப்புக்கொண்டவன் ஒரு யூதன், பெயர் கெதலியா. ராஜாவின் படைத்திரட்டுக்கு உருக் என்ற நகரத்துக்குக் கூப்பிட்டார்கள். சேணத்தோடு ஒரு குதிரை, இரும்புக் கவசம், தலைச்சீரா, 120 அம்பு, இரண்டு ஈட்டி, வழிச்செலவுக்கு ஒரு மினா வெள்ளி என்று சாமான் பட்டியல் போட்டு வாங்கிக்கொண்டு போகிறான். 'ஆபிரகாமின் பிள்ளை' என்றதும் ஆட்டுமந்தைதான் நம் மனதில் வருகிறது. இவன் பெர்சிய ராஜாவின் குதிரைவீரன்.

நெகேமியா 5-இல் ஜனங்கள் 'எங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அடிமைப்படுத்தவேண்டியதாயிற்று' என்று கதறுகிறார்களே. விடுதலையாகித் திரும்பி வந்தவர்களுக்கு ஏன் இந்த நிலை?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பஞ்சம் ஒரு காரணம். ராஜாவின் தீர்வை இன்னொன்று. அதே அதிகாரத்தின் நாலாம் வசனத்தை விட்டுவிட வேண்டாம்: வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வைத்துத் தீர்வைக்குப் பணம் வாங்கியதாகவே சொல்கிறார்கள். சீரியா, பெனிக்கே, பாலஸ்தீனம், சைப்ரஸ் எல்லாம் சேர்ந்த வரிப்பகுதிக்கு வருஷம் 350 தாலந்து வெள்ளி என்று கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். யூதா அதில் ஒரு மூலை. விளைவது தானியமும் எண்ணெயும், கேட்பது வெள்ளி. வெள்ளி யாரிடம் இருக்கும்? ஊர்ப் பெரிய மனுஷனிடம். அவன் எழுதி வாங்கிக்கொள்வான்.

என் மேசைக்கு வந்த அடமானப் பத்திரங்களில் எத்தனை இப்படி! கடன் வாங்குகிறவர் பேனாவைப் பிடிக்கும்போது கை நடுங்கும். கடன் கொடுக்கிறவர் அந்த நேரம் பார்த்து டீ சொல்லுவார். அதனால்தானோ என்னவோ அந்த அதிகாரத்தில் நெகேமியாவின் கோபம் எனக்குப் பிடிக்கும். நூற்றுக்கொன்று வட்டியை விடுங்கள், நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். ஆசாரியர்களை வரவழைத்து ஆணையிட வைத்தார். தன் வஸ்திரத்தையும் உதறிக் காட்டினார். வாய்வார்த்தையை நம்பவில்லை, பாருங்கள். தனக்கு முன்னிருந்த அதிபதிகள் ஜனங்களிடம் நாற்பது சேக்கல் வெள்ளி வாங்கினார்கள், நானோ பன்னிரண்டு வருஷம் அதிபதியின் படியைச் சாப்பிடவில்லை என்று கணக்குச் சொல்கிறார். தன்னைத் தானே புகழ்கிறார் என்பார்கள். இருக்கட்டும். புகழ்வதற்கு விஷயம் இருந்தது.

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் எஸ்தர் நாடகம் போடுகிறோம் அண்ணாச்சி. எஸ்தர் நடந்த கதைதானா? அகாஸ்வேரு யார்? ஆமானுக்கு மீசை வைக்கலாமா?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

தம்பி, அகாஸ்வேரு என்பது க்ஷயார்ஷா என்ற பெர்சியப் பெயர் எபிரெயத்தில் உருண்டு வந்தது. கிரேக்கர் வாயில் அதுவே செர்க்செஸ். ஆண்டது கி.மு. 486 முதல் 465 வரை. சூசான் அரமனை கற்பனை இல்லை. ஈரானின் தென்மேற்கில் ஷூஷ் என்ற ஊரில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்த வண்ண ஓட்டுச் செங்கல் சுவரில் வரிசையாக நிற்கும் வில்வீரர்கள் இன்று பாரிஸ் லூவ்ரில் நிற்கிறார்கள். உங்கள் உடைக்கு அந்தப் படத்தைப் பாருங்கள்: கணுக்கால் வரை பூவேலை அங்கி, தோளில் அம்பறாத்தூணி, கையில் ஈட்டி. சுருள் தாடியும் உண்டு. யூதரை அழிக்கப் பார்த்த ஆமானுக்கு மீசை மட்டும் போதாது. ராஜாவுக்கு மொகலாயர் தலைப்பாகை வைக்காதீர்கள். போன வருஷம் ஒரு சபையில் பார்த்தேன், அகாஸ்வேரு அக்பராகவே வந்தார்.

நடந்த கதையா என்றால், ஒளிக்காமல் சொல்கிறேன். அரமனை வழக்கம், தபால் குதிரை, அவரவர் பாஷையில் எழுதிய உத்தரவு, இதெல்லாம் பெர்சியாவைக் கண்டவன் எழுதியது போல இருக்கிறது. ஆனால் யூதப் பெண் எஸ்தர் அகாஸ்வேருவுக்கு ராஜாத்தியான ஏழாம் வருஷத்தையொட்டி செர்க்செஸின் ராணி அமெஸ்திரிஸ் என்கிறார் ஹெரோடோட்டஸ். ராஜ்யத்தில் வரிப்பகுதிகள் இருபது என்று அவர் எண்ணுகிறார். எஸ்தரில் நாடுகள் 127. யூதா ராஜா எகொனியாவோடு சிறைபோனது எஸ்தரை வளர்த்த மொர்தெகாய்தான் என்று எஸ்தர் 2:6-ஐப் படித்தால் கி.மு. 597-இல் போயிருப்பார், நாடகம் நடக்கும்போது நூற்றுப்பத்தைத் தாண்டியிருப்பார். பல அறிஞர்கள் இதைச் சரித்திரப் பின்னணியில் அமைத்த கதை என்றே படிக்கிறார்கள். எபிரெய மூலத்தில் தேவனுடைய பெயர் ஓரிடத்தில்கூட இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடகம் அதனால் குறைந்துபோகாது. வெளிநாட்டு அரமனையில் குலத்தை மறைத்து வாழ்கிற பயம் அதில் உண்மையாகவே இருக்கிறது.

'இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரை' என்று வருவதால் நம்மையும் ஆண்டாரா என்று நடுவில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இல்லை. அது சிந்து நதிப் பக்கம்.

'பரதீசு' பெர்சியச் சொல்லா?
— ஒரு வாசகி, மதுரை

ஆமாம். வேலியடைத்த தோட்டம் என்று பொருள். நெகேமியா 2:8-இல் ராஜாவின் வனத்துக் காவலாளன் ஆசாப் என்று வருகிற இடத்தில் மூலத்திலிருப்பது பர்தேஸ். மரம் வெட்ட அனுமதிச் சீட்டு கேட்ட வசனம் அது. பரலோகமெல்லாம் பிறகு.

எகிப்தில் ஒரு தீவில் யூதர் தனியாகக் கோயில் கட்டியிருந்தார்கள் என்று ஒரு வரி போன இதழில் எழுதி விட்டுவிட்டீர்கள். எருசலேமைத் தவிர வேறு இடத்தில் பலியிடக் கூடாதே? விவரமாக எழுதுங்கள்.
— இரண்டு வாசகர்கள், தஞ்சாவூர், கோயம்புத்தூர்

இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் அந்த ஒரு வரியைப் போட்டேன்.

நைல் நதியில் இன்றைய அஸ்வானுக்கு எதிரே எலிபண்டைன் தீவு. அன்று யேப் கோட்டை. எகிப்தின் தென்கோடி எல்லை. பெர்சிய ராஜாவின் சம்பளத்தில் யூதப் படை ஒன்று பெண்டுபிள்ளைகளோடு அங்கே குடியிருந்தது. பேச்சும் எழுத்தும் அரமேயம். அவர்களுடைய நாணற்தாள் பத்திரங்கள் மணலில் கெடாமல் கிடந்தன. நான் சொல்லப்போகும் கட்டை 1893-இல் ஒரு அமெரிக்கர் அஸ்வானில் வாங்கினார். வாங்கியவர் பெட்டியில் வைத்தார், செத்தும் போனார். பெட்டி 1947-இல்தான் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1953-இல் அச்சானது.

அந்தக் கட்டு ஒரே வீட்டுக்காரருடையது. பெயர் அனனியா. யாகு தேவனுடைய கோயிலில் ஊழியம். யாகு என்பது நாம் கர்த்தர் என்கிற அதே திருநாமம்தான். மனைவி தாமேத். எகிப்தியப் பெண், அதுவும் மெசுல்லாம் என்ற இன்னொரு யூதரின் அடிமை. வலது கையில் 'மெசுல்லாமுக்குச் சொந்தம்' என்று குறி.

இவர்கள் திருமணப் பத்திரம் கி.மு. 449. அடித்தல் திருத்தலோடு இருக்கிறது; பேசிப் பேசி மாற்றியிருக்கிறார்கள். பெண் கொண்டுவந்த சீர்: 7 சேக்கல் பெறுமான ஒரு கம்பளி ஆடை, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, கொஞ்சம் வாசனைத் தைலம், விளக்கெண்ணெய் ஆறு கை. அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு அனனியா சபையில் எழுந்து 'இவள் எனக்கு வேண்டாம்' என்று சொல்லலாம் என்று எழுதிய அதே பத்திரத்தில், அவளும் எழுந்து 'இவர் எனக்கு வேண்டாம்' என்று சொல்லலாம் என்றும் எழுதியிருக்கிறது. அடிமைப் பெண்ணுக்கு! இதற்கு நாலு வருஷம் கழித்து, கி.மு. 445-இல், நெகேமியா எருசலேமுக்கு வருகிறார். பின்னால் அஸ்தோத் பெண்களைக் கட்டியவர்களின் மயிரைப் பிய்த்தவரும் அவர்தான். ஒரே ராஜா, ஒரே காலம், ஒரே தேவன். அங்கே அந்நிய மனைவி குற்றம். இங்கே கோயில் ஊழியக்காரருக்கே அந்நிய மனைவி.

கி.மு. 437-இல் அனனியா வீடு வாங்குகிறார், 14 சேக்கல். என் தொழிலுக்கு வந்துவிட்டோம். நாலு எல்லையும் இருக்கிறது: ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரர், ஒரு பக்கம் ராஜாவின் பண்டசாலை, ஒரு பக்கம் ராஜவீதி தாண்டி யாகு கோயில், ஒரு பக்கம் ராஜவீதி தாண்டி எகிப்தியரின் ஆட்டுத்தலைச் சாமி க்னூமின் பகுதி. இரண்டு திசைக்கு சூரியன் உதிப்பது, அடைவது என்று போடுகிறார்கள். மற்ற இரண்டுக்கு 'மேலே', 'கீழே'. இதில் எது வடக்கு, எது தெற்கு என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. மலைப்பக்கத்தை மேற்கு என்றும் பள்ளத்தைக் கிழக்கு என்றும் சொல்லி 'கீழ்மேல் இத்தனை அடி' என்று எழுதிப் பழகிய எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நானே ஒருமுறை கீழ்புறத்தையும் மேல்புறத்தையும் மாற்றி எழுதி, இரண்டு சென்ட் நிலத்துக்கு இரண்டு அண்ணன் தம்பிகளைப் பதினோரு வருஷம் பேசாமல் வைத்தவன்.

கி.மு. 434-இல் அந்த வீட்டில் ஒரு பகுதியை மனைவிக்கு எழுதிவைக்கிறார். காரணம், 'அன்பினால்'. நம் தான செட்டில்மெண்டில் 'உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். அதே வாசகம் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால். அப்போதும் அவள் மெசுல்லாமின் அடிமைதான். கி.மு. 427-இல் தள்ளாத மெசுல்லாம், தன் சாவுக்குப் பிறகு அவளும் மகளும் சுதந்தரர் என்று எழுதிக்கொடுக்கிறார். அதில் ஒரு வரி: 'நீ நிழலிலிருந்து வெயிலுக்கு விடப்பட்டாய்.' நிழலின் அருமை பேசுகிற ஊர்க்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். எனக்கும் இரண்டு தடவை படித்துத்தான் பிடிபட்டது.

பலி விஷயம் கேட்டீர்கள். உபாகமத்தின்படி கூடாதுதான். ஆனால் கி.மு. 525-இல் பெர்சிய ராஜா காம்பிசெஸ் எகிப்துக்கு வந்தபோதே தங்கள் கோயில் இருந்தது, எகிப்தியர் கோயில்களை இடித்தவர் இதைத் தொடவில்லை என்று அவர்களே எழுதுகிறார்கள். காணிக்கைக் கணக்கு ஒன்றில் யாகுவோடு கூட எஷெம்-பெத்தேல், ஆனாத்-பெத்தேல் என்ற வேறு தெய்வப் பெயர்களுக்கும் வெள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். எரேமியா பார்த்திருந்தால் அழுதிருப்பார். அதே ஆட்கள் ஓய்வுநாளையும் நினைத்தார்கள்; புளிப்பில்லாத அப்பத்துக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கி.மு. 419-இல் அவர்களுக்கு ஒரு கடிதமும் வந்தது.

கி.மு. 410-இல் எகிப்தை ஆண்ட பெர்சியத் தேசாதிபதி அர்ஷாமா ராஜாவைப் பார்க்கப் போயிருந்த நேரம். க்னூம் பூசாரிகள் உள்ளூர் அதிகாரி விதரங்காவைக் கைக்குள் போட்டுக்கொண்டு கோயிலை இடித்தார்கள். கல் தூண்கள் விழுந்தன, கேதுருக் கூரை எரிந்தது, பொன் வெள்ளிக் கிண்ணங்கள் போயின. ஆட்டுச் சாமியின் எதிரே ஆட்டைப் பலியிட்டதுதான் புகைச்சலுக்கு ஒரு காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். எருசலேம் பிரதான ஆசாரியருக்கு எழுதினார்கள், பதில் இல்லை. மூன்று வருஷம் கழித்து யூதாவின் பெர்சிய அதிபதி பாகோகிக்கு மனு. அதில், அன்று முதல் நாங்கள் இரட்டுடுத்தி உபவாசமாய் இருக்கிறோம், எங்கள் மனைவிகள் விதவைகளைப் போல இருக்கிறார்கள், எண்ணெய் தேய்ப்பதில்லை, திராட்சரசம் குடிப்பதில்லை என்று வருகிறது. நெகேமியாவை எதிர்த்த சமாரியா அதிபதி சன்பல்லாத்தின் பிள்ளைகளுக்கும் எழுதியிருக்கிறோம் என்று கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். மனு எழுதத் தெரிந்தவன். இரண்டு வாசலையும் தட்டிவிட்டான். அனுமதி வந்தது: கோயிலை முன்போலக் கட்டலாம், போஜனபலியும் தூபமும் உண்டு. மிருகத்தை முழுதாக எரிக்கிற சர்வாங்க தகனபலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கட்டினார்களா? அனனியா வீட்டுக் கட்டின் கடைசிப் பத்திரங்களில் ஒன்று கி.மு. 402. வீட்டில் மிச்சமிருந்த பகுதியை மருமகனுக்கு 13 சேக்கலுக்குக் கிரயம் செய்கிறார்கள். எல்லையில் யாகு கோயில் மறுபடி வருகிறது. எழுதிக்கொடுப்பவர் என்ற இடத்தில் இரண்டு பெயர்: யாகுவின் ஊழியக்காரன் அனனியா, அவன் மனைவி, யாகுவின் ஊழியக்காரி தாமேத்.